ஆரணியில் தவறிய பதினைந்து பந்துகள்

என் மனைவியின் தம்பி சென்னையில் ஒரு கம்பெனி அணிக்காகக் கூடைப்பந்து ஆடுகிறான். அதுதான் அவனுக்கு உத்தியோகம். ஆண்டுக்கு ஆண்டு ஒப்பந்தம். அந்த உத்தியோகத்தில் பத்து ஆண்டுகளை அவன் பெரும்பாலும் பெஞ்சில் உட்கார்ந்தே கழித்தான். நானும் கல்லூரி அணியில் இருந்தவன் என்பதால் பெஞ்சின் சுகம் எனக்குத் தெரியும். மூன்றாண்டில் நான் போட்டது ஒரே ஒரு கூடை. அதுவும் எங்கள் பக்கத்துக் கூடை.

போன சீசனில், முப்பத்திரண்டாவது வயதில், அவன் போட ஆரம்பித்தான். மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நின்று, ஏதோ ஒரு மேட்ச்சில் என்றில்லை, சீசன் முழுக்கப் போட்டான். கூடைப்பந்தில் முப்பத்திரண்டு என்பது பட்டுக்கடையில் தீபாவளிக்கு மறுநாள் மாதிரி. அதன் பிறகு யாரும் வியாபாரத்தை எதிர்பார்ப்பதில்லை. கம்பெனிக்காரர்களுக்கே குழப்பம். கை தேறிவிட்டதா, இல்லை வெறும் அதிர்ஷ்டக் காற்று வீசுகிறதா? இன்னும் ஒரு போட்டியைப் பார்த்துவிட்டு, ஒப்பந்தத்தை நீட்டிப்பதா, இத்தோடு வீட்டுக்கு அனுப்புவதா என்று சொல்வதாகச் சொல்லிவிட்டார்கள். போட்டி அடுத்த சனிக்கிழமை. இடையில் இரண்டு நாள் ஓய்வுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தான்.

ஆரணி அவனை நம்பவில்லை. எங்கள் ஊருக்குச் சந்தேகம்தான் பிழைப்பு. சேலையைக் கையில் வாங்கியதும் ஓரத்தில் ஓர் இழையை உருவி, தீக்குச்சியில் காட்டி, முடி கருகும் வாடை வருகிறதா என்று முகர்ந்து பார்க்கிற ஊர் இது. வாடை வந்தால் பட்டு, வராவிட்டால் சண்டை. மனிதர்களையும் இப்படிக் கொளுத்திப் பார்க்க முடியவில்லையே என்ற வருத்தம் எங்களில் பலருக்கு உண்டு.

அவர்களில் முதல் ஆள், பட்டுக்கடை வைத்திருக்கும் என் பள்ளித் தோழன்.

“இன்னாபா, உன் மச்சான் இந்த வருஷம் பளபளன்னு கீறானாமே. ஒரு தண்ணி போட்டா சாயம் நிக்குமா?”

“நிக்கும்.”

“பத்து வருஷமா போடாதவன் இப்ப மட்டும் எப்டிப் போடுவான்? எதிர்ல ஆடுனவனுங்க சொத்தையா இருந்திருப்பானுங்க.”

உண்மையைச் சொன்னால், எனக்கும் உள்ளுக்குள் அதே சந்தேகம்தான். ஆனால் இன்னொருவன் சொல்லிக் கேட்டதும் ரோஷம் வந்துவிட்டது. “ஞாயித்துக்கிழமை காலைல ஸ்கூல் கிரவுண்டுக்கு வா. இருபது பால் போடுவான். நீயே மோந்து பாத்துக்கோ” என்றேன்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது என் மனைவி தோசைக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பேசினாள். “அவனே ரெஸ்ட்டுக்கு வந்துகிறான். அவன வெச்சி வித்த காட்டப் போறீங்களா? வாய வெச்சிகினு சும்மா இருக்க மாட்டீங்களா?”

“உடு அக்கா, நான் ஆடிப் பழகின கிரவுண்டுதான். போய்ப் பாத்துப் பத்து வருஷமாவுது” என்றான் அவன்.

ஞாயிறு காலை தோழன் தனியாக வரவில்லை. கடைத்தெருவில் பாதியைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். என் மைத்துனன் கோட்டருகே நின்று முதல் பந்தை வீசினான். வளையத்தின் பின்விளிம்பில் பட்டுத் தெறித்தது. இரண்டாவதும் அங்கேதான். ஐந்தாவது பந்துக்கு யாரோ இருமினார்கள். பத்தாவதுக்குச் சிரித்தார்கள். இருபதில் ஐந்துதான் உள்ளே போனது. தவறிய பதினைந்தும் பின்விளிம்பில். நான் மேகங்களைக் கவனிக்கத் தொடங்கினேன்.

“சாயம் ஓடிகினு கீது பா” என்றான் தோழன்.

மைத்துனன் வளையத்துக்கு அடியில் போய் நின்றான். கையைத் தூக்கி ஒரு குதி குதித்தான். வளையத்தைப் பிடித்துத் தொங்கினான். இறங்கி வந்து, “மாமா, இத அளக்கணும்” என்றான்.

தோழனின் சட்டைப் பையில் எப்போதும் டேப் இருக்கும். பெஞ்சை இழுத்துப் போட்டு அவனே ஏறி அளந்தான். பத்தடி இருக்க வேண்டிய வளையம் ஒன்பதடி ஏழு அங்குலத்தில் இருந்தது.

காரணத்தைத் தேட வேண்டியதே இல்லை; மைதானத்தின் ஓரத்தில் மூன்று திறப்புவிழாக் கல்வெட்டுகளாக நின்றுகொண்டிருந்தது. பதவிக்கு வருகிறவர் ஒவ்வொருவரும் ஆடுகளத்துக்குப் புதுத் தளம் போடுவார். பழையதைப் பெயர்த்தால் பழையவர் கோபித்துக்கொள்வார் என்று அதன் மேலேயே போடுவார்கள். தரை உயர்ந்தது, கம்பம் அப்படியே நின்றது. மூன்றாவது கல்வெட்டு வந்தபோது என் மைத்துனன் ஆறாம் வகுப்பு.

அவன் பந்தைக் கையில் உருட்டிக்கொண்டே என்னிடம் சொன்னான். “ரெண்டு வருஷம் முன்னாடி வந்த கோச்சு சொன்னாரு மாமா, உன் கை தாழ்ந்த ரிங்குக்குப் பழகின கை மாதிரி கீதுன்னு. பிராக்டீஸ்ல சரியா போவும். மேட்ச்ல பதட்டமாயி மூச்சு வாங்குனா முன்விளிம்புல போய் இடிக்கும். டெய்லி டீம் வர்றதுக்கு முன்னாடி போய் முழங்கைய வெக்கிற விதத்த மாத்துனேன். எதுக்கு மாத்துறேன்னு இன்னிக்குதான் தெரியுது.”

பத்து ஆண்டுகளாகப் பதற்றம் வந்ததும் அவன் கை ஆரணிக்குத் திரும்பிக்கொண்டிருந்திருக்கிறது. இன்று ஆரணியிலேயே, அத்தனை இளிப்புக்கு நடுவிலும், திரும்பவில்லை. கூட்டத்திடம் இதை உரக்கச் சொன்னேன்.

“அதாவது, இங்க போடாததாலதான் அங்க போடுறான். நல்லாகீது கதை” என்றான் தோழன். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அவனுக்கே இரக்கம் வந்து, “தம்பி, கொஞ்சம் தாழ்த்தி இன்னும் பத்து போடு. போயிரும்” என்றான்.

“போயிரும்ணா. ஒரு மணி நேரம் நின்னா எல்லாமே போயிரும். அப்புறம் சனிக்கிழமை அங்க போவாது.”

பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பிவிட்டான். பின்னாலிருந்து விசில் அடித்தார்கள். திரும்பிப் பார்க்கவில்லை.

என் சந்தேகம் அந்த நடையில்தான் தீர்ந்தது. அதிர்ஷ்டக் காற்றில் மிதப்பவனாக இருந்தால் அங்கேயே நின்று, பந்து உள்ளே போகிறவரை போட்டு, கைதட்டல் வாங்கிக்கொண்டுதான் வந்திருப்பான். நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். சம்பாதித்தது தன் கையில் இருக்கிறது என்று தெரிந்தவனால்தான் சொந்த ஊரில் தோற்றுவிட்டு அப்படி நடக்க முடியும்.

சனிக்கிழமை மாலை போன் வந்தது. நன்றாக ஆடியிருக்கிறான். ஒப்பந்தத்தை ஓராண்டு நீட்டித்திருக்கிறார்கள்.

“ஒரு வருஷம்தானா? கம்பெனிக்காரனும் முழுசா நம்பல போலகீதே” என்றான் தோழன்.

ஒரு வருஷம்தான். பழகிய கையைக் கழற்றிவிட்டு முப்பது வயதில் புதுக்கை பொருத்திக்கொண்டவனுக்கு அது தாராளம். நம்பாதவர்கள் நம்பாமலே இருக்கட்டும். அவன் யாரிடமும் அனுமதி கேட்டுத் தேறவில்லை. இனி அவனுக்காக நான் எவனிடமும் எதையும் நிரூபிக்கப் போவதில்லை என்று வீட்டில் அறிவித்தேன்.

“மொதல்ல அத செய்ங்க” என்றாள் என் மனைவி.