எலியின் காதும் முக்கூடல் பஸ்ஸும்

எலிகள் கூடுவதை ஆராய்கிறவன் தன் வேலை என்னவென்று ஊரில் வெளியே சொல்ல முடியாது. ஆய்வகத்தில் தலை நரைத்த சகாக்களுக்கு இது புரியும். பாளையங்கோட்டையில் விலங்கியல் வாத்தியாராக இருந்துகொண்டே, ஐம்பது வயதுக்குமேல் முனைவர் பட்டத்துக்குப் பதிந்தேன். தொண்ணூறுகளின் நடுவில், என் மனைவி சரோஜா முக்கூடலில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். சண்டை எதுவும் இல்லை. திரும்பி வருவாளா என்பதுதான் தெரியவில்லை.

சிவப்பு பல்பு

எலி இருட்டில்தான் கூடும். அதனால் ஜன்னலில் கறுப்புத்தாள் ஒட்டி, பகலை எலிகளுக்கு இரவாக்கியிருந்தோம். எலிக்கு அவ்வளவாகத் தெரியாத மங்கலான சிவப்பு பல்பின் அடியில், வகுப்பு போக மீதி நேரமெல்லாம் உட்கார்ந்திருப்பேன். சரோஜா ஊருக்குப் போகுமுன், வீட்டுக்குப் போனாலும் அவளிடம் பேச்சு வராது. அட்டெண்டர் சுடலை ஒருநாள் கூண்டைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "எலிக்குத் துணைக்கு நீங்க இருக்கீய. அங்கன வீட்டுல அம்மாவுக்கு யாரு சார் இருக்கா?"

காது

சரோஜாவின் அண்ணன் முக்கூடலில் உரக்கடை வைத்திருக்கிறார். தங்கை ஏன் வந்துவிட்டாள் என்று கேட்க நேராக ஆய்வகத்துக்கே வந்துவிட்டார். என்ன பேசுவதென்று தெரியாமல் எலியைக் காட்டினேன். இணங்கும் நேரத்தில் பெண் எலி துள்ளி ஓடும். காது படபடவென்று நடுங்கும். கண்ணிமைத்தால் தவறிவிடும், நான் தவறவிடுவதில்லை என்று பெருமையாகவே விளக்கினேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "எலிக்குக் காது ஆடுததக் கண்டுபிடிச்சிருதீரு மாப்ளே. என் தங்கச்சி அழுதத என்னைக்காவது கண்டீரா வே?"

இரண்டாம் ஊசி

சினைப்பை நீக்கிய பெண் எலியை இணங்கவைக்க முதலில் ஈஸ்ட்ரஜன் போட வேண்டும். அதுதான் மூளையில் புரொஜெஸ்டிரோனை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளைப் பெருக்கும். இரண்டு நாள் கழித்து இரண்டாவது ஊசியாகப் புரொஜெஸ்டிரோன். அந்த வாரம் கவனம் சிதறி, முதல் ஊசி போடாத கூண்டுகளுக்கே இரண்டாவதைப் போட்டுவிட்டேன். கிட்டே வந்த ஆணைப் பெண் எலிகள் உதைத்துத் தள்ளின. மருந்து கெட்டுவிட்டதென்று நான் கத்த, பக்கத்து மேஜை டெய்சி மேடம் கூண்டுச் சீட்டுகளைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மருந்து நல்லாத்தான் இருக்கு சார். அத வாங்கிக்கிடதுக்கு உள்ள ஒண்ணுமே தயாரா இல்ல."

பட்டுச்சேலை

அடுத்த ஞாயிறு ஒரு பட்டுச்சேலை வாங்கிக்கொண்டு முக்கூடலுக்குப் போனேன். சரோஜா காப்பி கொடுத்தாள். வீட்டுக்கு வா என்றேன். சேலைப் பெட்டியைப் பிரிக்காமல் என் பக்கமே நகர்த்தி வைத்தாள். பஸ்ஸுக்கு நேரமாகி எழுந்தபோதுதான் வாயைத் திறந்தாள்: "அடுத்த வாரமும் வாங்க. ஒண்ணும் கொண்டுவர வேண்டாம், கூப்பிடவும் வேண்டாம். சும்மா கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போங்க."

பெண் மனம் இணங்கும் நேரத்தைக் கணித்ததற்காக டாக்டர் பட்டம் வாங்கிவிட்டு, ஞாயிறுதோறும் வெறுங்கையோடு முக்கூடல் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறவன் இந்தப் பக்கத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.