படத்திலிருந்து எடுத்த ஊர்

கால் வைக்காத நாட்டின் தெருக்களை நாள் முழுக்க வரைவதற்குச் சம்பளம் தருவார்கள் என்றால் நம்புவீர்களா? அமீர்பேட்டில் ஒரு மூன்றாம் மாடியில் எங்களுக்குத் தந்தார்கள்.

ருஷ்யாவில், வோல்கா நதிப் பக்கம், சுவாஷ் என்ற மக்கள் வாழும் ஒரு மாவட்டம் எங்கள் தலையில் விழுந்தது. பழைய காகிதப் படத்தையும் வானத்திலிருந்து எடுத்த புதுப் படத்தையும் பார்த்து, கம்ப்யூட்டரில் ஊர் ஊராக வரைய வேண்டும். நான் செக்கர், மற்றவர்கள் வரைந்ததைச் சரிபார்ப்பவன். வாடிக்கையாளரோ செக்கரோ மூன்று ஷீட்டைப் பிழை என்று திருப்பினால் வரைந்தவருக்கு வேலை போய்விடும். டார்கெட்டோடு குடித்தனம் நடத்தியவர்களுக்கு இந்தப் பயம் தெரியும். என் குழுவில் சேகர் இருந்தான். அல்வாலில் பிறந்து வளர்ந்தவன், தமிழில் அந்த ஊர் உருதுவின் ஹவ்வும் நக்கோவும், அதாவது ஆமாமும் வேண்டாமும், கலந்து பேசுவான். மனைவிக்கு எட்டாம் மாதம்.

நேராக்கிய தெரு

சேகர் அதற்கு முன் ஒரு வருஷம் நேர்நேரான தெருக்களுள்ள அமெரிக்க நகரங்களை வரைந்தவன். கை ஸ்கேல் மாதிரி ஓடும். சுவாஷ் ஊர்களோ ஓடைப் பள்ளத்தை ஒட்டி, சொந்தக்காரர் வீடுகள் கும்பல் கும்பலாக, திசைக்கொன்றாக நிற்கும். படம்தான் கோணல் என்று நினைத்து எல்லாத் தெருவையும் நேராக்கிவிட்டான். அழகாக இருக்கிறதே என்று நானும் பாஸ் பண்ணினேன். ஷீட் திரும்பி வந்தது. பிழை சேகர் பேரில்தான் ஏறியது. கூடவே ஒரே ஒரு வரி: “ஊரை வரையத்தான் சொன்னோம், கட்டச் சொல்லவில்லை.”

ஒரே பெயரில் ஐந்து

தாய் ஊரில் இடம் போதாவிட்டால் சிலர் பக்கத்து ஓடைக்குப் போய்க் குடியேறுவார்களாம். தாய் ஊரின் பெயரோடு ஒரு சொல்லைச் சேர்த்துப் புது ஊருக்கு வைப்பார்களாம். அப்போது எங்களுக்கு அது தெரியாது. ஒரே பெயர் சின்னச் சின்னச் சேர்க்கையோடு ஐந்து இடத்தில் வரவும், யாரோ தவறுதலாக எழுதிவிட்டார்கள் என்று சேகர் நாலை அழித்தான். நானும் தலையாட்டினேன். இரண்டாவது ஷீட்டும் திரும்பியது. அவன் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. “எங்கப்பா வீட்டைப் பிரிச்சு நாலு பேருக்குக் கொடுத்தாரு அண்ணா. நாலு வாசல்லயும் அவர் பேர்தான். எனக்குத் தெரிஞ்சிருக்கணும்.”

கூரை தெரியாத ஊர்

புதுப் படத்தில் கூரை தெரியாவிட்டால் ஊரை எடுத்துவிட வேண்டும் என்பது விதி. அங்கே பல ஊர்கள் காலியாகிக்கொண்டிருந்தன. தினம் இரண்டு மூன்று ஊரை எடுத்துவிட்டு டீ குடிக்கப் போவோம். ஒன்றை மட்டும் சேகர் எடுக்கவில்லை. வெறும் மரக்கூட்டம்தான். ஆனால் பனி மூடிய தரையில் கிணறு வரை ஒற்றையடிப் பாதை ஒன்று தெரிந்தது. “நக்கோ அண்ணா, யாரோ தண்ணி எடுக்குறாங்க” என்றான். எனக்கு என் வேலையைப் பற்றிய பயம். ஊரை நானே எடுத்துவிட்டு, பிழை என்று எழுதி ஷீட்டைத் திருப்பினேன். அது மூன்றாவது என்று தெரிந்தேதான் எழுதினேன். சாயங்காலமே அவனுடைய ஐடி கார்டை வாங்கிக்கொண்டார்கள். நான் தலை நிமிரவில்லை.

பத்து நாளில் வாடிக்கையாளர் எழுதினார். அந்த மரங்களுக்கடியில் ஒரு வீடு, அதில் ஒரு கிழவி. ரொட்டி வண்டி இந்தப் படத்தைப் பார்த்துத்தான் போகும். ஊரைத் திரும்ப வைத்தேன். சேகருக்காக மேனேஜரிடம் போய் நின்றேன். அவன் இடத்துக்கு ஆள் போட்டாயிற்று என்றார். வெட்கத்தோடு சேகருக்கு போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கேட்டான்: “ஹவ், ஊரைத் திரும்ப வெச்சிட்டீங்க. என்னை, அண்ணா?”

வரைபவர்களின் பிழையைப் பார்க்க எங்கள் ஆபீசில் நாலு செக்கர்கள் இருந்தோம். செக்கரின் பிழையைப் பார்க்க ஒரு நாற்காலிகூட யாரும் போடவில்லை.