நாகப்பன் அடக்கிய மூச்சு

வல்லக்கோட்டைப் பக்கம் யார் கிணற்றில் மோட்டார் விழுந்தாலும் நாகப்பனைத்தான் கூப்பிடுவார்கள். அவன் மூழ்கினால் ஒரு குமிழிகூட மேலே வராது. வந்தால் அவனுக்கு மானம் போய்விடும். "குமிழி வுட்றவன்லாம் தண்ணில எறங்கவே கூடாதுடா" என்று கூட்டாளி ராஜாமணியிடம் பீற்றிக்கொள்வான். மேலே நின்று கயிறு பிடிக்கும் ராஜாமணிக்கும் அதில் பாதிப் பெருமை. நாற்பத்தைந்து வயதில் இப்படியொரு ஜம்பம்!

பிறகு ஒரகடத்துக் கம்பெனிகளில் தீயணைப்புத் தொட்டி சுத்தம் செய்யும் வேலை வந்தது. இருபத்தைந்து அடி ஆழம். கான்ட்ராக்டர் ஒரு கம்ப்ரசரையும் நீளக் குழாயையும் கொடுத்து, "இத வாய்ல வச்சிக்கினு வேலைய பாரு" என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவருக்கே தெரியாது, பாவி.

அன்று காலை நாகப்பன் அரை மணி நேரம் அடியில் சேறு வாரினான். வேலை முடிந்ததும் குழாயில் நெஞ்சு நிறையக் காற்றை இழுத்தான். குழாயை விட்டுவிட்டு, அதே வீம்பில் வாயை இறுக மூடிக்கொண்டு மேலே வந்தான். ஒரு குமிழி இல்லை. ராஜாமணி அசந்துபோய்ப் பார்த்தான்.

விளிம்பைப் பிடித்ததும் நாகப்பன் இருமினான். நுரையோடு ரத்தம் வந்தது. வலது கை துவண்டது. தண்ணீர் குடித்துவிட்டான் என்று நினைத்த ராஜாமணி, அவனைத் தூக்கிக் குப்புறப் போட்டு முதுகை அமுக்கு அமுக்கென்று அமுக்கினான். ஒரு சொட்டு வரவில்லை. கழுத்து வீங்கியதுதான் மிச்சம்.

பக்கத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் சுபஸ்ரீ அவனை மல்லாக்கப் படுக்க வைத்து ஆக்சிஜன் கொடுத்தார்.

"மேல வரும்போது மூச்ச விட்டுக்கிட்டே வந்தாரா?"

"இல்ல டாக்டர், அடக்கிக்கினுதான் வருவான்."

"ஆழத்துல இழுத்த காத்து மேல வரவர விரியும். வெளிய போக வழி இல்லன்னா நுரையீரலைக் கிழிச்சிடும். அந்தக் காத்து இப்ப ரத்தத்தோட மூளைக்குப் போயிருக்கு."

"கெணத்துல முப்பது வருசமா அப்டித்தான வந்தான்?"

"அங்க மேல இழுத்த மூச்சோட உள்ள போனாரு. அது கீழ போகப்போகச் சுருங்கி, மேல வரும்போது பழைய அளவுக்குத்தான் விரியும். இது கீழ இழுத்த மூச்சு. இப்ப காத்தழுத்தத்த ஏத்துற அழுத்த அறைக்குள்ள வெச்சாதான் ரத்தத்துல இருக்குற காத்து சுருங்கும். இங்க அது இல்ல."

அவரே போன் மேல் போன் போட்டார். சென்னையில் ஓரிடத்தில் அறை பழுது. இன்னோரிடத்தில் அதை இயக்குபவர் வரச் சாயங்காலம் நாலு மணி ஆகுமாம். அப்போது மணி பதினொன்று.

ஆம்புலன்சில் அங்கே கொண்டுபோய்ப் பூட்டிய அறைக்கு வெளியே காத்திருந்தார்கள். ராஜாமணிக்குச் செய்ய ஒன்றுமே இல்லை. யாரைத் திட்டுவது என்றும் தெரியவில்லை. தேங்காய் உடைக்கிறேன், மொட்டை போடுகிறேன் என்று முருகனிடம் கெஞ்சினான். மூன்றரை மணிக்கு நாகப்பன் போய்விட்டான்.

அவன் மனைவி சந்திரலேகா கம்பெனி கேன்டீனிலிருந்து யூனிஃபார்ம் சேலையோடு ஓடி வந்தாள். அழவில்லை. ராஜாமணியின் சட்டையைப் பிடித்தாள்.

"நீதானண்ணா மேல நின்ன? இன்னா ஆச்சு? தப்பா எதுனா பண்ணாரா?"

"இல்லம்மா" என்றான் ராஜாமணி. "எப்பவும் போலத்தான் வந்தான்."