மைக்கில் படிக்கப்படாத ஊர்

கனடாவில் நான் பாடம் நடத்தும் பல்கலைக்கழகத்தில் குடிநீர்க் குழாய்க்குக்கூட யாரோ ஒருவர் பெயர் உண்டு. சுண்டுவிரல் அகலப் பித்தளைத் தகட்டில், கண்ணாடி போட்டால்தான் தெரிகிற எழுத்தில். கொடுத்தவருக்கு அவ்வளவு கூச்சம். விருத்தாசலத்தில் பிறந்த எனக்கு இது இன்றுவரை பிடிபடவில்லை. எங்கள் ஊரில் கோயிலுக்கு டியூப் லைட் கொடுத்தால், உபயதாரர் பெயர், அப்பா பெயர், படிப்பு, கடை விலாசம் எல்லாம் எழுதியது போக மிச்ச இடத்தில்தான் வெளிச்சம் வரும். காதுகுத்து மொய்யை மைக்கில் படிக்கும்போது ஒரு பெயர் விட்டுப்போனால் பந்தியிலிருந்தே எழுந்து போய்விடுவார்கள்.

போன வருடம் எங்கள் துறைத்தலைவி ஹெலன் ஒரு புதிய பாடத்துக்குத் தலையாட்டினார்: விருத்தாசலம் வட்டாரத்தின் அண்மைக்காலப் பண்பாட்டு வரலாறு. ராஜா ராணி கிடையாது. கேபிள் டிவி வந்தது, வளைகுடாவுக்கு ஆட்கள் போனது, கல்யாணத்துக்குக் கல்யாணம் கைமாறும் விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மைகள், இவைதான் பாடம். என் அக்கா கல்யாணத்துக்குப் பரிசாக வந்த பீங்கான் வாத்து ஜோடி, முன்பு நாங்களே வேறொரு கல்யாணத்துக்குக் கொடுத்ததுதான். ஒரு வாத்தின் மூக்கில் நான் பூசிய நெயில் பாலிஷ் அப்படியே இருந்தது. அந்த வாத்துகளுக்காகவே இரண்டு வாரம் ஒதுக்கியிருந்தேன். நிதியை மட்டும் உங்கள் மக்களிடம் திரட்டிக்கொள்ளுங்கள் என்றார் ஹெலன். பாடம் நடந்தால்தான் என் ஒப்பந்தம் நீளும். இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

நம் மாவட்டத்துக்காரர்களைக் கூட்டி விருந்து வைத்தோம். பல்கலைக்கழக வழக்கப்படி, பெயர் எழுத இடமில்லாத உறைகளை மேசைக்கு மேசை வைத்தார் ஹெலன். பிரியாணி தீர்ந்தது. உறைகள் காலியாகவே கிடந்தன. பெண்ணாடத்து டாக்டர் சிவக்கொழுந்து என்னைத் தனியே அழைத்தார்.

"ஏம்மா, மைக்குல பேரு படிக்க மாட்டீங்களா? அப்புறம் நான் குடுத்தேன்னு எனக்கே எப்புடித் தெரியும்?"

மைக்கை எடுத்தேன். "பெண்ணாடம் டாக்டர் சிவக்கொழுந்து அவர்கள்..." என்று முடிப்பதற்குள், இங்கே மளிகைக் கடையும் ஃபோன் கார்டு வியாபாரமும் நடத்தும் மங்கலம்பேட்டை யூசுப் பாய் எழுந்துவிட்டார்.

"டாக்டரு ஊருக்கு எத்தினி வாரம் போட்டிருக்கீங்க? எங்க ஊருக்கு அதுக்கு மேல ஒண்ணு போடுங்கம்மா, நான் தரேன்."

"அப்ப எங்க ஊரு சுகர் மில்லுக்குத் தனியா ஒரு வாரம்!" என்றார் டாக்டர்.

"இது ஏலமா?" என்று ஹெலன் என் காதில் கேட்டார். பண்பாடு என்றேன். பயபக்தியோடு குறித்துக்கொண்டார்.

வாரங்கள் மளமளவென்று விற்றுத் தீர்ந்தன. கடைசியில் மிஞ்சியவை என் வாத்து வாரங்கள். "விருத்தாசலத்துக்கு யாருங்க?" என்று மைக்கில் கேட்டேன். அந்தக் கூடத்தில் விருத்தாசலத்துக்காரி நான் ஒருத்திதான். அடுத்த மாத வாடகைக்கே இந்தப் பாடத்தை நம்பியிருந்தவள்.

"வுடும்மா, விருத்தாசலம் எங்க போயிடப் போவுது? எங்க ஊருக்கு வரணும்னா அங்க வந்து வண்டி மாறித்தானே வரணும்" என்று டாக்டர் ஆறுதல் சொன்னார். அந்த இரண்டு வாரத்தையும் அவரும் பாயும் ஆளுக்கொன்றாகத் தங்கள் ஊருக்கே எடுத்துக்கொண்டார்கள். மைக்கில் நன்றி சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில் என்று நினைத்து எல்லோரும் கைதட்டினார்கள்.

பாடம் இப்போது ஜோராக நடக்கிறது. நேற்று ஒரு மாணவி, நான் சுவரில் மாட்டியிருக்கும் வரைபடத்தில் ரயில் தடங்கள் வந்து கூடும் புள்ளியில் விரல் வைத்தாள்.

"இங்கே யாராவது வசிக்கிறார்களா?"

"அது ஜங்ஷன். வண்டி மாறுவார்கள்."

"நீங்கள் எந்த ஊர்?"

"நானும் அங்கே வண்டி மாறியவள்தான்" என்றேன். அவள் விரலை எடுக்கவில்லை. அதற்கடியில் எங்கள் வீடு இருந்தது.