எதிராளியின் பொம்மை உன் கையில்

லோகநாயகி அக்கா இறந்த செய்தி வந்தபோது நான் பெங்களூர் சிக்பேட்டையில், ஒரு மொத்த வியாபாரியின் கடையில் துணிக்கட்டுக்கு விலை பேசிக்கொண்டிருந்தேன். கடை டெலிபோன் அடித்தது. என் மனைவி. "அக்கா போயிட்டாங்க. காலையில நெஞ்சு வலிக்குதுன்னாங்களாம். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ளயே..." என்றாள். ரிசீவரை வைத்துவிட்டு விலையைப் பேசி முடித்தேன். பிறகுதான் ரயில் ஏறினேன். இதைப் படித்து முகம் சுளிப்பவர்கள் சுளிக்கட்டும். பாதிப் பேச்சில் எழுந்து போகிறவர்களை அக்காவுக்கு ஆகாது. அவரை அறிந்த உங்களுக்கு அது தெரியும்.

உங்களில் பலருக்கு அவருடைய முகத்துக்கு முன்பே குரல் பழக்கமாகியிருக்கும். தங்கச் சுரங்கத்து டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து, பெரிய துரையையும் சின்ன துரையையும், கீழே இறங்குகிற ஷாஃப்ட் ஆபீசையும் ஆஸ்பத்திரியையும் இணைத்துக்கொண்டிருந்தவர் அவர். வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் இளம் பொம்மலாட்ட நாடக ஆசிரியர்களுக்கான போட்டியை நடத்தினார். இருபது வயதுக்குள் இருப்பவர்கள் கைப்பொம்மைகளுக்கு நாடகம் எழுத வேண்டும். தேர்வானவற்றை அவர்களே ஆட்டிக் காட்ட வேண்டும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஆரம்பித்து இந்த ஆண்டு வரை அது நிற்கவில்லை. தங்கம் வெட்டுகிற ஊரில் பொம்மை எதற்கு என்று கேட்டவர்களுக்கு அவர் பதில் சொன்னதில்லை. அடுத்த போட்டியின் தேதியைத்தான் சொல்வார்.

ராபர்ட்சன்பேட்டை பஜாரில் எனக்கு வெட்டுத்துணிக் கடை. பொம்மைகளுக்குச் சட்டை தைக்கத் துண்டுத் துணி பொறுக்க வருவார். ஒருநாள் பொறுக்கிக்கொண்டே, "இன்னா ரத்தினம், இந்த வாட்டி நீயும் ஒரு நடுவரா உக்காரணும்" என்றார்.

"அக்கா, நான் எட்டாங்கிளாசே தாண்டலை. எனக்கு இன்னா தெரியும்?"

"தெரிஞ்சவங்க ரெண்டு வாத்தியாருங்க கீறாங்க. புள்ளைங்க மனசு நோவக் கூடாதுன்னு கடைசி வரைக்கும் தலையாட்டிகினே இருப்பாங்க. நீ அப்படி இல்ல. புடிக்கலைன்னா வாசலைப் பாப்பே. எனக்கு வாசலைப் பாக்கற ஆளு ஒருத்தன் வேணும்."

அப்படித்தான் நடுவர் ஆனேன். முதல் ஆண்டு நிறையவே வாசலைப் பார்த்தேன். நான் எந்த இடத்தில் திரும்புகிறேன் என்று அவரும் குறித்துக்கொண்டிருந்தார்.

போட்டியில் ஒரே ஒரு விதியை மட்டும் அவர் யாருக்கும் தளர்த்தியதில்லை. எழுதியவருக்கு நாடகத்தில் யார் மேல் கோபமோ, அந்த ஆளின் பொம்மையை எழுதியவரே கையில் மாட்டி, எழுதியவரே குரல் கொடுக்க வேண்டும். நல்லவன் பொம்மையைக் கூட்டாளி எவனாவது ஆட்டிக்கொள்ளலாம். பூதிகோட்டையிலிருந்து வந்த ஒரு பெண் தன்னைக் காலேஜுக்கு அனுப்ப மறுத்த தாய்மாமனைப் பற்றி எழுதியிருந்தாள். மாமன் வந்தான், கத்தினான், போனான்.

"மாமன் ஏன் கத்தறான்?" என்று அக்கா கேட்டார்.

"தெரியாதுங்க."

"கேட்டியா?"

"கேட்டா அடிப்பாருங்க."

"இந்த மாமன் துணி மாமன். அடிக்க மாட்டான். இப்போ கேளு."

அந்தப் பெண் பொம்மையைத் திரும்பக் கையில் மாட்டிக்கொண்டாள். பிறகு மாமன் பேச ஆரம்பித்தான். நானும் இரண்டு பெண்களுக்குத் தாய்மாமன். அன்றைக்கு நான் வாசல் பக்கம் திரும்பவில்லை.

எதற்கு இந்த விதி என்று ஒருமுறை கேட்டேன். "எக்ஸ்சேஞ்சுல ரெண்டு பக்கத்துப் பேச்சும் காதுல விழும் ரத்தினம். கத்தறவனை முழுசாக் கேட்டாத்தான் எந்த எடத்துல பொய் சொல்றான்னு புரியும். பாதியில லைனை வெட்டினா அவன்தான் ஜெயிச்சான்" என்றார். இதை நான் வியாபாரத்திலும் போட்டுப் பார்த்தேன். செல்லுபடியாகிற பேச்சுதான்.

இந்த ஆண்டு சுரங்கத்தை மூடினார்கள். மற்றவர்களைப் போல அக்காவுக்கும் வேலை போயிற்று. "மூடற சேதியே என் கை வழியாத்தான் போயிருக்கும்" என்று ஒருமுறை சொன்னார். அதற்கு மேல் புலம்பியதில்லை. இந்த வருஷம் போட்டி வேண்டாம் என்று வாத்தியார்கள் சொன்னபோதுதான் கோபம் வந்தது. "ஊரே வாயடைச்சுப் போயி கெடக்குது. பொம்மையும் பேச வேணாமா?"

வந்த நாடகங்களில் மேடைக்குத் தேர்ந்தெடுத்தவற்றில் ரேவதியுடையதும் ஒன்று. ஆண்டர்சன்பேட்டைப் பெண், பதினேழு வயது. அப்பா கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் இறங்கிக் கீழே வேலை செய்தவர், சுரங்கம் மூடியதிலிருந்து வீட்டில் இருக்கிறார். மூடும் உத்தரவோடு ஓர் ஆபீசர் தொழிலாளிகள் முன் வந்து நிற்பதுதான் கதை. ஆபீசரை அவள் கோமாளியாக எழுதியிருந்தாள். தொப்பி விழும், பேண்ட் நழுவும், எல்லோரும் சிரிப்பார்கள்.

"சிரிச்சிட்டு வீட்டுக்குப் போயிடுவாங்க. அவ்ளோதானா உன் கோவம்?" என்றார் அக்கா.

"எங்க அப்பாவை வெளிய அனுப்பனவனுக்கு நான் நல்ல வசனம் எழுதணுமா?" என்று அந்தப் பெண் எதிர்த்துக் கேட்டாள்.

"எழுதணும். அவன் நல்லாப் பேசணும். அப்புறம் நீ அடி."

முறைத்துக்கொண்டே போனாள். ஒரு வாரம் கழித்து ஆபீசரைத் திருத்தி எழுதிக்கொண்டு வந்தாள். ஆழம் அதிகம், தங்கம் குறைவு, ஒவ்வொரு நாளும் நஷ்டம், நான் என்ன செய்வேன் என்று அவ்வளவு நிதானமாகப் பேசினான் அந்த ஆபீசர்.

போட்டிக்கு ஹால் கொடுத்து வந்தது ஒரு நற்பணி மன்றம். ஒத்திகையின்போது அதன் செயலாளர் பின்வரிசையில் வந்து உட்கார்ந்தார். முடிந்ததும் அக்காவிடம், "இன்னாம்மா இது? இவன் பேசறதைக் கேட்டா மூடினது சரிதான்னு ஜனம் நெனைக்கும். கோர்ட்டு, மனுன்னு நாங்க அலைஞ்சிகினு கீறோம். ஒரு சாமி கதை போடச் சொல்லுங்க" என்றார்.

"அவனுக்குச் சொல்ல நம்ம கிட்ட பதில் இல்லைன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்களா சார்?"

அவர் எழுந்து போனார். போட்டி நாளன்று போய்ப் பார்த்தால் ஹால் பூட்டியிருந்தது. சாவியோடு செயலாளர் வெளியூர் போய்விட்டாராம். பூட்டை உடைக்கலாம் என்றான் ஒருவன். தள்ளிவைக்கலாம் என்று வாத்தியார்கள் நைசாக நழுவினார்கள். ரேவதி ஆபீசர் பொம்மையை மார்போடு அணைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு இருபது வயது ஆக இன்னும் மூன்று வருஷம் இருந்தது. அடுத்த ஆண்டும் போட்டிக்கு வரலாம். ஆனால் அவளுடைய அப்பா வந்திருந்தார். வீட்டைவிட்டு வெளியே வராமல் கிடந்த மனிதரை அன்றைக்குத்தான் கெஞ்சி அழைத்து வந்திருந்தாள்.

"ரத்தினம், இன்னிக்கு உன் கடை லீவுதானே?"

"லீவுதான் அக்கா."

"போயி ஷட்டரைத் தூக்கு."

மன்றத்தார் எனக்கு நல்ல வாடிக்கை. ஒளிக்காமல் சொல்கிறேன், தயங்கினேன். அக்கா என் முகத்தைப் பார்க்கக்கூட நிற்கவில்லை. பொம்மைக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு பஜாரை நோக்கி நடந்துகொண்டிருந்தார். பின்னால் கூட்டம். சாவி என்னிடம் இருந்ததால் நான் ஓட வேண்டியதாயிற்று.

துணி அளக்கிற மேசைதான் மேடை. அதன் முன்னால் ஒரு போர்வையைத் தொங்கவிட்டோம். பின்னால் பிள்ளைகளும் அக்காவும் குந்தியிருந்தார்கள். தெரு நிறைந்துவிட்டது. ஆட்டோக்காரர்கள் முதலில் ஹாரன் அடித்தார்கள், அப்புறம் எஞ்சினை நிறுத்திவிட்டு அவர்களும் பார்த்தார்கள். ஆபீசர் வந்தான். உத்தரவைச் சொன்னான். நஷ்டம் என்று அவன் இரண்டாம் முறை சொன்னபோது கூட்டத்திலிருந்து ஒரு பெரியவர், "டேய், நிறுத்துடா!" என்று எழுந்தார். "என் நெஞ்சுல ரொம்பிக் கீதே தூசி, அது யாரு நஷ்டம்? சொல்லு!"

ரேவதி இதை எதிர்பார்க்கவில்லை. பொம்மை மெல்லச் சரிந்தது. பக்கத்தில் நின்ற எனக்கு அக்கா சொன்னது கேட்டது: "கையை எறக்காதே. ஆபீசர் போவக் கூடாது. நின்னு கேக்கட்டும்."

பொம்மை நிமிர்ந்தது. "அதைப் பத்திப் பேச எனக்கு உத்தரவு இல்லை" என்றது ஆபீசரின் குரல். எழுதிவைத்த வசனத்தில் அது இல்லை.

"உத்தரவு இல்லைன்னா இன்னாத்துக்குடா வந்தே, வேடிக்கை பாக்கவா?" என்றாள் ஒரு பெண். சிரிப்பு எழுந்தது. உடனே அடங்கியது. ஒவ்வொருவராகப் பேசினார்கள். குவார்ட்டர்ஸை என்ன செய்வீர்கள், பிள்ளைகள் எங்கே போவார்கள், கீழே செத்தவர்களுக்கு என்ன பதில் என்று. அத்தனை மாதமாக அவர்கள் பார்த்ததெல்லாம் போர்டில் ஒட்டிய நோட்டீஸ்தான். எதிரில் நின்று கேட்க ஓர் ஆள் அன்றுதான் கிடைத்தான். துணி ஆள் என்றாலும் ஆள்தான்.

கடைசியில் ரேவதியின் அப்பா எழுந்தார். சத்தம் போடவில்லை. "ஐயா, மூடுங்க. எங்க எதிர்ல வந்து நின்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்லையா?"

அக்கா எதையும் எடுத்துக்கொடுக்கவில்லை. "அதுக்கு எங்கிட்ட பதில் இல்லை" என்றது ஆபீசர் பொம்மை. குரல் ஆபீசருடையதாகவும் இல்லை, முழுக்க அந்தப் பெண்ணுடையதாகவும் இல்லை. மேசைக்கு எதிரே நின்ற அவள் அப்பா தலையாட்டினார். பதிலை ஏற்றுக்கொண்டவர் போல இல்லை. கேட்டு வாங்கிவிட்டவர் போல.

நாடகம் முடியாமல் போனதற்குப் பரிசு கொடுக்கலாமா என்று மறுநாள் வாத்தியார்கள் கேட்டார்கள். நழுவினவர்களுக்கு ஓட்டு இல்லை என்று சொல்லி, மிச்சமிருந்த ஒரே நடுவரான நான் முதல் பரிசைக் கொடுத்தேன். தீபாவளிக்கு மன்றத்தார் வேறு கடையில் துணி எடுத்தார்கள். எடுக்கட்டும்.

அக்காவின் அடக்கத்துக்குச் செயலாளரும் மாலையோடு வந்திருந்தார். "அவங்களோட போட்டியும் போச்சு. இல்ல, நடத்தறதுன்னா ஹால் தர்றோம். கதையை மட்டும் முன்னாடியே காட்டிடுங்க" என்றார். அவரை முழுசாகப் பேசவிட்டேன். பிறகு, "வேணாம் சார், எங்களுக்குத் தெரு போதும்" என்றேன்.

அக்காவிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது இதைத்தான்: எதிரில் நிற்பவன் பேசி முடிக்கும்வரை இடத்தைவிட்டு நகராமல் நிற்பது, முடித்த பின் விடாமல் இருப்பது. போட்டி நடக்கும். ரேவதி இப்போது தினமும் ரயிலில் பெங்களூர் போய் வேலை செய்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து நாடகங்களைப் படிக்கிறாள். அடுத்த போட்டிக்கு முதலில் வந்து சேர்ந்த நாடகத்தில் வில்லன், ராபர்ட்சன்பேட்டையில் கடை வைத்து ஊரை ஏமாற்றுகிற ஒரு வெட்டுத்துணி வியாபாரி. படித்தேன். அவனை இன்னும் கொஞ்சம் நன்றாகப் பேசவைக்கும்படி எழுதி அனுப்பியிருக்கிறேன்.