பஞ்சு வைத்த காதும் சத்தமில்லாத எஞ்சினும்

ராக்கெட் எஞ்சின் ஒன்றை இயக்கிக் காட்டுகிறோம், வாருங்கள் என்று அழைத்தார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? பார்மசிக்குப் போய் ஒரு பக்கெற் பஞ்சு வாங்கினேன். காதுக்கு!

சிரிப்பவர்கள் சிரித்து முடியுங்கள். சொல்கிறேன்.

இங்கே பல்கலைக்கழகத்தில் ஒரு குழு, சின்னச் செயற்கைக்கோள்களைத் தள்ளுகிற எஞ்சின் செய்கிறது. செயற்கைக்கோள், பேக்கரியில் வாங்கும் ஒரு றாத்தல் பாணளவு. எஞ்சின் நெருப்புப்பெட்டியளவு. ஆய்வுக்குப் பணம் போதவில்லை என்று இணையத்தில் பொதுமக்களிடம் கேட்டார்கள். கிரவுட் ஃபண்டிங்.

நானும் கொடுத்தேன். விஞ்ஞானப் பற்றா? சேச்சே... கொடுத்தவர்களின் பெயரைத் தகட்டில் பொறித்து விண்வெளிக்கு அனுப்புவார்களாம். விடுவேனா? இனிஷலோடு, 'பத்தி எழுத்தாளர்' என்பதையும் சேர்க்கும்படி மின்னஞ்சல் போட்டேன். "சேர், தகடே சின்னிவிரல் நகத்தளவுதான்" என்று பதில் வந்தது.

பதில் எழுதியவர் தர்ஷினி. குழுவை நடத்தும் ஆராய்ச்சி மாணவி, தெல்லிப்பழைப் பிள்ளை. போன வியாழக்கிழமை ஆய்வுகூட வாசலில் பார்த்தபோது அவர் முகத்தில் இரத்தமில்லை. முன்பு செய்த இரண்டு எஞ்சின்களும் கருகிவிட்டன. இது மூன்றாவது. அரை மணித்தியாலம் விடாமல் ஓடினால், மேலே போகவிருக்கும் ஒரு செயற்கைக்கோளில் இதற்கு இடம். ஓடாவிட்டால் அந்த இடம் வேறொரு குழுவுக்கு. நாலு வருட உழைப்பு, அரை மணித்தியாலத்தில் தெரிந்துவிடும்.

"ஓடின பிறகு எங்களைக் கூப்பிட்டிருக்கலாமே, பிள்ளை?" என்றேன்.

"உங்கடை காசிலை செய்தது, சேர். கருகினாலும் நீங்கள் பாக்கவேணும்."

சட்டைப்பையில் பஞ்சு உறுத்தியது.

என்னோடு வந்திருந்த இன்னொரு கொடையாளர் பஸ்தியாம்பிள்ளை. குருநகரில் மீன்பிடி வள்ளங்களின் எஞ்சின் திருத்துபவர். தகட்டுக்குத் தன் பெயரைக் கொடுக்காமல் தன் வள்ளத்தின் பெயரைக் கொடுத்த மனிதர். கண்ணாடிக் கூண்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். உள்ளே காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, நடுவில் எஞ்சினைத் தொங்கவிட்டிருந்தார்கள்.

"தங்கச்சி, எங்கடை எஞ்சின் தண்ணியைத் தள்ளுது. அங்கை மேலை ஒண்டுமில்லையே. உது எதைத் தள்ளும்?"

"வள்ளத்திலை நிண்டு பின்பக்கமாக் கடலுக்கை குதிச்சா, வள்ளம் என்ன செய்யும் அண்ணை?"

"முன்னுக்குப் போகும்."

"அதுதான். இது துளித்துளியா வாயுவைக் குதிக்க விடுது."

"அட... எரிபொருளே குதிக்குதோ!" பஸ்தியாம்பிள்ளை தொடையில் தட்டினார். நான் புத்தகம் புத்தகமாகப் படித்தும் விளங்காதது அவருக்கு ஒரு நிமிடத்தில் விளங்கிவிட்டது.

தர்ஷினி சுவிட்சை நோக்கிப் போனார். நான் பஞ்சை எடுத்து இரண்டு காதிலும் அடைத்தேன். சுவரோரம் ஒதுங்கினேன். வாயையும் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டேன். போருக்குள் வளர்ந்த எங்கள் தலைமுறைக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. வானத்தில் போகிற எதுவும் எங்களுக்கு முதலில் காதுக்குத்தான் வந்தது. சத்தம் கேட்டால் படு, பங்கருக்குள் இறங்கு. அண்ணாந்து பார்ப்பதெல்லாம் பிறகு... உயிரோடிருந்தால்.

காத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

"எப்ப பிள்ளை தொடங்கப் போறியள்?" என்று கத்தினேன்.

அவர் தன் காதைத் தொட்டுக் காட்டினார். பஞ்சைப் பிடுங்கினேன்.

"தொடங்கிப் பத்து நிமிசம், சேர்."

"சத்தம்?"

"சத்தம் வந்தா நான் அழவேணும்."

அப்போதுதான் பார்த்தேன். கூண்டுக்குள் ஒரு நீல வெளிச்சம், மின்மினி அளவுக்கு. எஞ்சினில் ஒட்டிய கண்ணாடித் துண்டில் பட்டுத் திரும்பிய சிவப்பு லேசர் ஒளி, எதிர்ச் சுவரில் கட்டம் போட்ட தாளில் ஒரு புள்ளியாக விழுந்தது. அந்தப் புள்ளி, தொடங்கிய இடத்திலிருந்து ஒரு சின்னக் கட்டம் தள்ளி நின்றது. ஒரு மில்லிமீற்றர்! இரத்தம் குடிக்க நுளம்பொன்று வந்து குந்தினால் எவ்வளவு பாரமோ, தள்ளு அவ்வளவுதான். ஆனால் தடுக்கக் காற்றில்லாத இடத்தில், மாதக்கணக்காக விடாமல் தள்ளினால் அந்தப் பாணளவு செயற்கைக்கோள் எங்கெங்கோ போய்விடும்.

நான் இருபத்தைந்தாவது நிமிடத்தில் மூச்சுவிடுவதைக் குறைத்துக்கொண்டேன். முப்பதாவது வந்தது. போனது. நீலம் அணையவில்லை. பஸ்தியாம்பிள்ளை சிலுவை போட்டுக்கொண்டார்.

"நிப்பாட்டலாமே, தங்கச்சி?"

"மனம் வருகுதில்லை, அண்ணை." தர்ஷினி கன்னத்தைத் துடைக்கவும் இல்லை.

யாரையும் ஓடச் சொல்லாத ஒன்று, எங்கள் ஊரிலிருந்து வானத்துக்குப் போகப்போகிறது. சுவரோரம் ஒதுங்கி நின்ற நான், எப்போது முன்னுக்கு வந்து கூண்டில் மூக்கு முட்ட நின்றேனோ, தெரியாது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் மூச்சுவிடாமல் சொன்னேன். "சத்தமே இல்லையப்பா! விடாமல் மெல்ல மெல்லத் தள்ளுது. ஒரு மில்லிமீற்றர் அசைஞ்சுது, என்ரை கண்ணாலை கண்டனான்!"

அவர் கீரை ஆய்வதை நிறுத்தாமலே சொன்னார்:

"நானும் முப்பது வருசமா உங்களைத் தள்ளிக்கொண்டுதான் இருக்கிறன். ஒரு மில்லிமீற்றர் அசைஞ்சியளோ?"