கால் வெட்டிய கோழிக்கூண்டு

அப்பா கப்பல் பட்டறையில் வரைபடம் போடுகிறவர். கப்பலின் வயிற்றுக்குள் எந்தக் குழாய் எங்கே வளைய வேண்டும் என்று கோடு இழுப்பதுதான் வேலை. எனக்குப் பத்து வயதானபோது அவருக்குத் திடீரென்று கோழி ஆசை வந்தது.

நாங்கள் இருந்ததோ புக்கிட் பாத்தோக் வட்டாரத்தில் ஓர் அடுக்குமாடி புளோக்கின் ஒன்பதாவது மாடி. புளோக் வீட்டில் கோழி வளர்க்க அனுமதி கிடையாது. ஆனால் சித்தியின் தரைவீட்டில் கொல்லை சும்மா கிடந்தது. சித்தப்பா முந்தைய ஆண்டு இறந்த பிறகு சித்தி அங்கே தனியாக இருந்தார். எங்களைக்கூட அவ்வளவாக வரச் சொல்வதில்லை. அப்பா போனில் கெஞ்சியதும், "என்னமோ பண்ணுங்க அத்தான், என்னை மட்டும் எதுவும் செய்யச் சொல்லாதீங்க" என்றார்.

அப்பா எங்கள் வீட்டுக் கூடத்திலேயே கூண்டு கட்ட ஆரம்பித்தார். சாக்கடை வழியாக மலைப்பாம்பு வரும் ஊர் இது. அதனால் புளோக்குக்குக் கீழே தூண்கள் மட்டும் நிற்கும் வெற்றுத்தளம் இருப்பதுபோல, கூண்டுக்கும் உயரமாக நான்கு கால்கள். ஆடாமல் நிற்க அவை வெளிப்பக்கம் விரிந்திருக்கும். திருகாணி போதாதென்று பசையும் பூசினார். பலகைகளைப் பிடித்துக்கொண்டது நான்தான் என்பதால் பாதி கூண்டு என்னுடையது. கோழிகள் நான்கு. பெயர்கூட வைத்துவிட்டேன். சனிக்கிழமைக்குள் கூண்டு போய்ச் சேராவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று பண்ணைக்காரர் சொல்லியிருந்தார்.

சனிக்கிழமை காலை கீழே லாரி வந்து நின்றது. கூண்டு எங்கள் வீட்டு வாசல் கேட்டைத் தாண்டவில்லை. நேராக, குறுக்காக, தலைகீழாகத் திருப்பிப் பார்த்தாயிற்று. கால்கள் இடித்தன.

"அளவெல்லாம் எடுத்தீங்களே?" என்றார் அம்மா.

"எடுத்தேனே."

"எதை?"

"உன் தங்கச்சி வீட்டுக் கொல்லைய."

"கப்பலையே கடல்ல இறக்குறவங்க லா நீங்க!" என்ற அம்மா, அப்பாவிடமிருந்து ரம்பத்தை வாங்கிக்கொண்டு அறுக்க உட்கார்ந்துவிட்டார். அப்பா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் பிடித்துக்கொள்ள, நான்கு கால்களும் ஒவ்வொன்றாக விழுந்தன. கூண்டு ஒருக்களித்துப் படுத்து, கேட்டைத் தாண்டி மின்தூக்கிக்குள் நுழைந்தது. நான் கை தட்டினேன்.

கொல்லையில் இறக்கிய பிறகுதான் அப்பாவின் முகம் தொங்கியது. "தரையில வச்சா பாம்புக்கு நாமளே விருந்து வைக்கிற மாதிரி" என்றார். பண்ணைக்காரர் கொண்டுவந்து வைத்திருந்த கோழிகள் அட்டைப் பெட்டிக்குள் முனகின. திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று நான் பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த சித்தி உள்ளே போனார். எதையோ இழுக்கும் சத்தம் கேட்டது. அம்மா ஓடினார். இருவருமாக ஓர் இரும்பு ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சித்தப்பாவின் மீன்தொட்டி நின்ற ஸ்டாண்டு. மீன்கள் எப்போதோ போய்விட்டாலும் காலித் தொட்டியைச் சித்தி தினமும் துடைப்பார். வேறு யாரும் அதில் கை வைக்கக் கூடாது.

"இதுல வச்சுப் பாருங்க" என்றார் சித்தி.

அளவெடுத்துச் செய்ததுபோல் கூண்டு அதன்மேல் உட்கார்ந்தது. அப்பா நான்கு பக்கமும் உலுக்கினார். அசையவில்லை. கோழிகள் உள்ளே போய் எங்களை அதிகாரமாகப் பார்த்தன. நான் கொல்லையைச் சுற்றி ஓடினேன். சித்தி தாழ்ப்பாளைப் போட்டு, இழுத்துப் பார்த்து, "காலையில நானே தொறந்து விடுறேன், எத்தனை மணிக்கு அத்தான்?" என்று கேட்டார்.

திரும்பும் பேருந்தில் அம்மா அழுதுகொண்டே வந்தார். இவ்வளவு பெரிய வெற்றிக்குப் பிறகு அழுகிறாரே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

"கோழிய விட்டுட்டு வந்துட்டோம்னுதானா அழுவுறீங்க?"

"ஆமா."

அம்மாவுக்கு இப்படி ஒரு கோழிப் பாசம் இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. பாவமாகப் போய்விட்டது. அடுத்த வாரம் அவரையே முட்டை எடுக்க விடுவதாக வாக்குக் கொடுத்தேன்.